நாடகத்துத் தாய் சொல்லாத பெயர்

சின்னவனே,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் நேற்றுச் சாயங்காலம் என் கைக்கு வந்தது. கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்த நம் பள்ளிக்கூட வாத்தியார், நீ கொடுத்தனுப்பியதாகச் சொல்லித் தந்தார். மஞ்சள் தாளில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. என் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறாய். உன் அம்மாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. அப்புறம் பார்த்தால் கீழே 'அண்ணன்' என்று அச்சிட்டு, பக்கத்தில் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். ஓரத்தில் பென்சிலால், "இதை நீங்களே நிரப்பி அனுப்புங்கள்" என்று ஒரு வரி. நைனா என்றுகூட எழுதவில்லை. போகட்டும். மூன்று வருஷத்தில் நீ எனக்கு எழுதியதிலேயே பெரிய கடிதம் அதுதான்.

ஒரு பெயரை எழுதி அனுப்பக் கால் நிமிஷம் போதும். என்னால் முடியவில்லை. அதனால் இந்த நீளக் கடிதம். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. கொண்டுவருகிற வாத்தியார் படிக்கட்டும், ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். முக்கியமாக நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் படிக்க வேண்டும். ஆரணிப் பக்கத்து நெல்லு வயல் குடும்பத்துப் பெண்ணுக்கு நம் ஏரியும் அதன் வழக்கமும் தெரியாது. அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

பழவேற்காட்டு ஏரி பார்க்கப் பரந்து கிடந்தாலும் மீன் நடமாடுகிற இடங்கள் சிலதான். ஆளாளுக்கு வலையை இறக்கினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் நம் குப்பத்து ஆம்பளைகள் கோயில் முன்னால் கூடி, வலைக்குப் போகிற ஒவ்வொருத்தன் பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பது அதில்தான் முடிவாகும். இதைப் பாடு என்கிறோம். குடத்தில் பெயர் இருப்பவன் ஊரில் ஒரு ஆள். செத்தவன் பெயரை ஊர் எடுக்காது. அந்த வீட்டு ஆம்பளை எழுந்து நின்று, 'அவன் இல்லை' என்று மூன்று தடவை சொல்லி, சீட்டைத் தன் கையால் எடுத்து ஏரித் தண்ணீரில் விட வேண்டும். உடம்பு கிடைக்காமல் போனவன் என்றால் ஒரு வருஷம் பொறுத்துத்தான் கேட்பார்கள். அப்போதும் கேட்பார்களே தவிர யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நம் பக்கத்து வீட்டில் ஒருவன் பெயர் பதினோரு வருஷம் குடத்திலேயே கிடந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் அண்ணன் ஒரு ஐப்பசி மாதம் முகத்துவாரத்தைத் தாண்டிக் கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். காற்று சரியில்லை என்று எனக்குத் தெரியும். போகச் சொன்னவன் நான் இல்லை. ஆனால் தடுக்காதவன் நான்தான். மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. உன் அம்மா அழவில்லை. கருமாதி செய்யவும் விடவில்லை. தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு தோணித்துறைக்குப் போய் நின்றாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்து அந்தச் சோற்றை நமக்கே போட்டாள். நீயும் நானும் ஒரு வருஷம் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

அதை என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், ஊர் அதைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பெயர் குடத்தில் இருக்கிறவரைக்கும் இவள் துறையில் நிற்பாள், எடுத்துவிட்டால் ஒருநாள் தானாக நின்றுவிடும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். வருஷம் திரும்பியதும் குப்பத்துத் தலைவர் மெதுவாக, "இன்னாப்பா, பெரியவன் சீட்டு இருக்கட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. நான் எழுந்து நின்று மூன்று தடவை அந்த இன்னொரு வார்த்தையைச் சொன்னேன். சீட்டைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே முழுகவில்லை. கொஞ்ச தூரம் மிதந்துகொண்டே போனது. நீ அப்போது தொழிற்பயிற்சிக்காகப் பொன்னேரியில் இருந்தாய். பொம்பளைகள் அந்தக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன், யாரும் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்களும் என் மேல் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். "அவன் பேரு வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். எந்த இடம் என்றாள். வாய்க்கு வந்த ஓர் இடத்தைச் சொன்னேன். அவள் வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தாள். அடுத்த வருஷமும் கேட்டாள், சொன்னேன், பொங்கல் வைத்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூன்று பொங்கலையும் நான் தின்றேன். இது உனக்குப் பாதிதான் தெரியும். பொங்கல் விஷயத்தை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது டி.வி. பெட்டிக்கு வருகிறேன். அறுபதுகளில் பஞ்சாயத்து ரேடியோ வந்தபோதே அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவன், பேப்பர் படிக்கிறவன் என்று எனக்கு அந்த மரியாதை. பத்து வருஷத்துக்கு மேல் சாயங்காலமானால் ரேடியோவைத் திருப்பினேன். மெட்ராஸில் டி.வி. வந்த அடுத்த வருஷம் நம் பஞ்சாயத்துக்கும் ஒரு பெட்டி வந்தது. அந்தச் சாவியும் என் இடுப்பில் ஏறியது. கம்பத்தின் உச்சியில் ஏரியலைக் கட்டி, நீதான் மெட்ராஸ் பக்கம் திருப்பித் திருப்பி நிறுத்தினாய். நான் பஞ்சாயத்து அறையின் இரட்டைக் கதவைத் திறந்துவிட்டால் ஊரே மணலில் உட்கார்ந்து பார்க்கும். படத்தை விடப் புள்ளிகள்தான் அதிகம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் வலையைக்கூட ஆறப்போட்டுவிட்டு வருவார்கள்.

அந்த நாலு வார நாடகம் உனக்கு மறந்திருக்காது. முதல் இரண்டு வாரம் எல்லாரும் பார்க்கிற மாதிரிக் குடும்பக் கதை. மாமியார் சண்டை, பட்டணத்துக்கு வேலைக்குப் போன மூத்த மகன், அவனிடமிருந்து தகவல் இல்லை. மூன்றாவது வாரம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அதே வீடு, அதே ஆட்கள், ஆனால் வீட்டுக்குள் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீரில் கால் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். கட்டிலின் மேல் ஒரு கன்றுக்குட்டி நிற்கிறது. அது எதற்கு என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நனைந்த சட்டையோடு ஒருவன் வாசலில் வந்து நின்று, "என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், நான் உள்ளே வருகிறேன்" என்கிறான். தகப்பன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்கிறான். கடைசியில் தாய் எழுந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். சத்தம் வரவில்லை. அதோடு அந்த வாரம் முடிந்தது.

அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. "ரீலு மாத்திப் போட்டுட்டாம்பா" என்று ஒருவன். "ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா மொதல்ல அரிசிப் பானையத் தூக்கி மேல வெப்பாளா, குந்திக்கினு சோறு துன்னுவாளா? எழுதனவனுக்கு ஏரியும் தெரியாது, ஊடும் தெரியாது" என்று தலைவர். பொம்பளைகள் பக்கமிருந்து ஒருத்தி, "அந்தத் தண்ணி ஆத்தா கண்ணுக்கு மட்டும் தெரியுதுண்ணா, மத்தவங்களுக்குத் தெரியல" என்றாள். அதற்குச் சிரித்தவர்களும் இருந்தார்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஊர் நடுவில் கோடு கிழித்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

நடிப்பில் குறை, கதையில் குறை என்று அன்றைக்கு எல்லாரையும் விட அதிகமாகக் கத்தியவன் நான். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எழுந்து, "அது கனவு நைனா. கனவுல அப்டித்தான் இருக்கும். கேள்வி கேக்காம பாருங்க" என்றாய். "கனவு காட்டறதுக்குப் பொட்டி எதுக்குடா? படுத்துத் தூங்குனா அவனவனுக்கு வரப்போவுது" என்றேன். கூட்டம் சிரித்தது. நீ விடவில்லை. "அந்த அப்பன்காரன் யாருன்னு கேக்கறான் பாருங்க, அதுதான் நைனா நாடகமே" என்றாய். உனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாய். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் பின் ஒருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எழுதினவனை, நடித்தவனை, டி.வி.யைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டிவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் நாம் மூன்று பேரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். நீயும் நானும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டோம். உன் அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்து, "அந்த ஆத்தா ஏன் பேரச் சொல்லல?" என்று கேட்டாள். உன்னிடம்தான் கேட்டாள். நான் முந்திக்கொண்டேன். "பேர எடுத்துட்டா அப்பறம் இன்னா சொல்லிக் கூப்புடுவா? எடுத்தது எடுத்ததுதான்" என்றேன்.

நாடகத்தில் பெயரை எடுத்ததாக ஒரு வார்த்தை கிடையாது. அது நம் ஊர் வழக்கம் அல்லவா? அவளுக்கு அது விளங்க எவ்வளவு நேரமாகும்? அகப்பையைக் கீழே வைத்தாள். "எடுத்தாச்சா?" என்றாள். நான் கஞ்சியைக் கலக்கினேன். "வருசா வருசம் வந்துச்சுன்னியே." அப்புறம், "உன் கையாலயா?" என்றாள். ஆமாம் என்றேன். நீ பாதிக் கஞ்சியில் எழுந்தாய். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக் கம்பெனி வேலைக்குப் போனவன்தான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அம்மாவைப் பார்க்க, நான் ஏரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

அன்று சாயங்காலம் அவள் துறைக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. தூக்குச்சட்டி ஆணியில் தொங்கியது. அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை சின்னவனே. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரே ஒரு தடவை அவளாகப் பேசினாள். "அடுத்த செவ்வாக்கெழம கடைசி வாரம். அந்த ஆத்தா பேரச் சொல்றாளான்னு நான் பாக்கணும்" என்றாள்.

இனி எழுதப் போவது ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமே, பெட்டியில் வால்வு போய்விட்டது, மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டேன். வால்வு போகவில்லை. சாயங்காலம் அறைக்குள் போய்க் கதவை உள்தாழ் போட்டேன். வெளியில் கேட்கக் கூடாது என்று ஓசையைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அப்படித் திட்டிய நாடகத்தை நான் ஏன் பார்த்தேன் என்று நீ கேட்கலாம். உன் அம்மா கேட்ட கேள்விதான் எனக்கும் இருந்தது.

அந்த வாரமும் தண்ணீர் இருந்தது. கன்றுக்குட்டியைக் காணோம். அவன் வாசலிலேயே நின்றான். எல்லாரும் ஏதேதோ பேசினார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முடிகிற நேரத்தில் தாய் தண்ணீரில் நடந்து வாசலுக்கு வந்து, அவன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். இந்தத் தடவை உதடு அசைந்தது. நிச்சயமாக அசைந்தது. அவன் சிரித்துவிட்டு உள்ளே கால் எடுத்து வைத்தான். நான் பாய்ந்து ஓசையைத் திருப்புவதற்குள் எழுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் கூப்பிட்டாள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

கடைசி வாரத்தைப் பார்க்காத ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் அந்தக் கதைக்கு ஆறேழு முடிவு புழங்கியது. அவன் பேய் என்றார்கள். தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார் தலைவர். நாடகம் குப்பை என்று சொன்னவர்களே அதை மாசக்கணக்கில் பேசினார்கள். உண்மையான முடிவு தெரிந்த ஒரே ஆள் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், நீ மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். "அன்னிக்கி நான் பஞ்சாயத்தாண்ட வந்தேன்யா" என்றாள். "கதவு சந்துல வெளிச்சம் ஆடிச்சு. நீ உள்ள பாத்துக்கினு இருந்த." நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கோவமில்ல. சொன்னாளா, அத மட்டும் சொல்லு" என்றாள். சொன்னாள் என்று ஒரு வார்த்தை. அதுவும் பொய்யில்லை, கண்ணால் பார்த்த நிஜம். அதைச் சொன்னால், பூட்டியதும் பொய் சொன்னதும் எல்லாம் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அந்த நேரத்தில்கூட எனக்கு ஒரு வீம்பு. "நான் பாக்கல. பொட்டி ரிப்பேரு" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "செரி" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற மகனுக்குத் தகப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கு வரப்போகிறவளின் துக்கம் எப்போது முடிய வேண்டும் என்று நீ முடிவு செய்யாதே. அவளுக்கு நல்லது என்று நினைத்து அவள் இல்லாத இடத்தில் எழுந்து நின்று அவளுக்காகப் பேசாதே. அவள் ஒன்றைக் கேட்டால், உன் மானம் போனாலும் பரவாயில்லை, பதில் சொல்லிவிடு. இதை அவளும் படிப்பாள், ஆகையால் நீ தப்ப முடியாது.

அந்த நாடகத்தைப் பற்றி நீ சொன்னதுதான் சரி. ஊர் முன்னால் உன்னைக் கேலி செய்தது தப்பு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன், அதையும் ஊர் முன்னாலேயே. அது நல்ல நாடகம். கன்றுக்குட்டி மட்டும் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ ஒன்றைக் கவனித்திருப்பாய். இவ்வளவு எழுதியும் அவன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. சீட்டைத் தண்ணீரில் விட்ட நாளிலிருந்து அதை நான் வாயால் சொன்னதில்லை. மனசுக்குள் நினைக்கும்போதுகூடப் பெரியவன் என்றுதான் நினைப்பேன். இன்று காலை மாதிரித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் துடைத்தேன். மறுபடியும் மாட்டினேன். வந்து உட்கார்ந்து எழுதிவிட்டேன். தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் பெயருக்கு முன்னால் இருக்கிற வார்த்தையை இவனுக்குப் போட வேண்டாம் என்று அச்சுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல். வெறும் தேசப்பன் என்று மட்டும் இருக்கட்டும்.

எழுதுவதற்கு முன்னால், ஆளில்லாத வீட்டில், வாசலைப் பார்த்து நின்று அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். சத்தம் வந்தது.

உன் நைனா